அமல், ஆமில், மாமூல்

தாலுகாக் கச்சேரியில் வழங்கும் சொற்களைச் சற்றே கூர்ந்து கேட்டால், அரபு பயின்றவர்க்கு அது அந்நியமான இடமாகத் தோன்றாது. தாலுகா, பிர்கா, ஜில்லா, தாசில்தார், வாரிசு, அசல், நகல், ஆஜர், தாக்கல், ரத்து, வசூல், பாக்கி ஆகிய இவை யாவும் அரபு வேர் கொண்டவை. 'அசல்' என்றால் வேர். 'நகல்' என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுதல். 'ஆஜர்' என்பது 'ஹாளிர்', அதாவது முன்னிற்பவர். விலாவைக் குறிக்கும் ஒரு சொல், பக்கம் என்றும் பகுதி என்றும் பொருள் விரிந்து 'ஜில்லா' ஆயிற்று. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரபு எழுத்தே அறியாத முதியவர்கள்கூட நாள்தோறும் இச்சொற்களைச் சொல்லித் தம் காரியத்தைப் பேசுகின்றனர்.

இவற்றுள் ஒரே வேரிலிருந்து கிளைத்த மூன்று சொற்களை இங்கே எடுத்துக்கொள்வோம். 'அமல்' என்பது செயல். சட்டமொன்று நடைமுறைக்கு வரும்போது அது அமலுக்கு வந்தது என்கிறோம். 'ஆமில்' என்பவர் அச்செயலைச் செய்பவர். ஜகாத்தைத் திரட்டி உரியவர்க்குச் சேர்ப்பிக்கும் பணியாளருக்கு நம் மார்க்க நூல்கள் சூட்டியிருக்கும் பெயர் அது. மூன்றாவது சொல் 'மாமூல்'. வழக்கமாகச் செய்யப்படுவது என்பதே அதன் பொருள். ஆனால், தமிழகத்துக் கச்சேரி வாசலில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அரசு ஏழைகளுக்கென்று ஒரு திட்டத்தை அமலுக்குக் கொண்டுவருகிறது. அத்திட்டத்துக்கும் அதற்குரிய மூதாட்டியின் கைக்கும் இடையே யார் நிற்கிறார்? ஆமில் நிற்கிறாரா, மாமூல் நிற்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடியே சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்க்க முற்படுகிறோம்.

மதீனத்துப் பதிவேடு

அரசின் பொருளை மக்களுக்குப் பங்கிட்டுத் தருவதற்கென்று பெயர்ப் பதிவேடு வைத்த முறையை இஸ்லாமிய வரலாற்றில் தொடங்கி வைத்தவர் கலீபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 641ஐ ஒட்டி, இது நிகழ்ந்தது என்பர் வரலாற்றாசிரியர் பலர். 'திவான்' என்று பெயர் பெற்ற அப்பதிவேட்டை எழுதும் பொறுப்பு மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்பல், ஜுபைர் இப்னு முத்இம் என்னும் அம்மூவரும் குலவழி அறிவில் தேர்ந்தவர்கள். யார் எவருடைய மகன், எக்குடியினர், எங்கு வாழ்கிறார் என்பதை அறிந்தவர்களே பெயர்களை எழுத வேண்டும் என்ற தெளிவு அந்நியமனத்தில் இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு நெருங்கிய குடும்பத்தினர் முதலில் எழுதப்பட்டனர். கலீபாவின் சொந்தக் குடியான பனூ அதீ தனக்குரிய வரிசையிலேயே இடம் பெற்றது. ஆட்சியாளரின் குடி என்பதற்காக அது மேலே ஏற்றப்படவில்லை.

பதிவேடு எழுதி முடிந்ததும் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் அமர்ந்துகொண்டு, உரியவர் வந்து பெற்றுச் செல்லட்டும் என்று இருந்துவிடவில்லை. குஸாஆ குடியினரின் பதிவேட்டைத் தாமே சுமந்துகொண்டு குதைத் என்னும் ஊருக்குச் சென்று, அங்குள்ள பெண்களை ஒருவர் விடாமல் வரவழைத்து, அவரவர் பங்கை அவரவர் கையிலேயே கொடுத்தார்கள். பின்னர் உஸ்பானுக்குச் சென்று அவ்வாறே செய்தார்கள். இச்செய்தியை இப்னு ஸஅத் தம் 'தபகாத்'தில் பதிந்து வைத்திருக்கிறார்.

இதனினும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. குழந்தைகளுக்கும் பங்கு வழங்கப்பட்டது. ஆயினும் பால்குடி மறந்த பிறகே அது தொடங்கும் என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவு, குழந்தையொன்று இடைவிடாது அழுவதைக் கேட்ட கலீபா காரணம் விசாரித்தார்கள். வந்தவர் இன்னார் என்றறியாத அத்தாய், பங்கு விரைவில் கிடைக்கட்டும் என்பதற்காகத் தான் குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வதாகச் சொன்னாள். மறுநாளே விதி மாறிற்று. பிறந்த அன்றே குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறும் என்று பறைசாற்றப்பட்டது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட விதியும் ஏழையின் வீட்டுக்குள் நுழையும்போது என்ன செய்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டாலொழிய அறிய முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆமிலைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஜகாத் பெறுதற்குரியோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வகுக்கிறது. ஏழைக்கும் வறியவருக்கும் அடுத்து மூன்றாமவராக வருபவர் ஆமில். அவருக்கு ஊதியம் அந்நிதியிலிருந்தே உண்டு. ஏழையின் கையிலிருந்து அவர் எதையும் எதிர்பார்க்கலாகாது என்பதே அதன் உட்கருத்து. பனூ ஸுலைம் குடியினரின் ஜகாத்தைத் திரட்டி வந்த இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து வைத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் சினமுற்றார்கள். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். ஆமில் மாமூல் வாங்கலாகாது என்பதை வேறெப்படிச் சொல்வது?

வாங்கும் தப்தர்

மதீனாவில் கொடுப்பதற்காக எழுதப்பட்ட பதிவேடு, நூற்றாண்டுகள் பல கடந்து, பாரசீகத்தின் வழியே நம் தென்னார்க்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது வேறொரு தொழிலுக்கு வந்திருந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் அமில்தார் என்பவர் நிலவரி திரட்டும் அதிகாரி. ஆமில் என்ற அதே சொல்தான் அது. கொடுப்பவர் என்ற பாதி உதிர்ந்து, வாங்குபவர் என்ற பாதி மட்டும் எஞ்சியது.

1801ஆம் ஆண்டு கர்நாடக உடன்படிக்கையின்படி இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆட்சி மாறினும் சொற்கள் மாறவில்லை. வசூலுக்குப் பழகிய சொற்களைக் கம்பெனியார் அப்படியே எடுத்துக்கொண்டனர். ஜூலை முதல் நாள் பிறக்கும் பசலி ஆண்டும், அப்பசலி முடிவதற்குள் தாலுகா தோறும் கணக்கை முடிக்கும் ஜமாபந்தியும் அவர்கள் காலத்தில் வேரூன்றி இன்றளவும் நடந்து வருகின்றன. 'ஜமஉ' என்றால் கூட்டுத்தொகை. எந்தக் குடியானவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஊர்க் கணக்கோடு ஒத்துப் பார்த்து முடிப்பதே ஜமாபந்தி. ஆங்கிலேயர் ஆட்சி முடியும் வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஏழைக் குடியானவன் தாலுகாக் கச்சேரியைக் கண்டது பெரும்பாலும் இந்த முகத்தில்தான். தப்தரில் பெயர் இருந்தால் வரி வரும், ஜப்தி வரும். ஆகவே பெயர் இல்லாதிருப்பதே நலம் என்று எண்ணிப் பழகிய தலைமுறைகள் அவை.

கச்சேரிக்குப் போவதற்கு நம் மூதாட்டிகள் இன்றும் அஞ்சுவது அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. அவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு. கேட்கப் போனால் கேள்வி வரும் என்பது அவர்கள் பாட்டனும் பூட்டனும் பட்டறிந்த பாடம்.

கொடுக்கும் தப்தர்

நாடு விடுதலை பெற்று, 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதன் 41ஆம் பிரிவு முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றால் நலிந்தோர்க்குப் பொது உதவி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று நெறி வகுத்தது. வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக அது எழுதப்படவில்லை. ஆயினும் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அவ்வழியில் அடியெடுத்து வைத்தன. உத்தரப் பிரதேசம் 1957இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிற்று. சென்னை மாநிலத்தில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரல் முதல் நாள் இத்திட்டம் அமலுக்கு வந்தது. தொகை மாதம் 20 ரூபாய்.

இருபது ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால் நம் பார்வையில் அந்த நாள் பெரிய நாள். தென்னார்க்காட்டின் தப்தரில், வாங்குவதற்காக அன்றிக் கொடுப்பதற்காக ஏழை முதியவரின் பெயர் ஏறத் தொடங்கிய நாள் அது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல திட்டங்கள் வந்தன. 1974இல் உடற்குறை உடையோர்க்கும், 1975இல் ஆதரவற்ற விதவையர்க்கும், 1981இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்க்கும், 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உதவித்தொகை ஏற்பட்டது. 2008இல் ஐம்பது வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். நடுவணரசு 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கித் தன் பங்காக முதியோர்க்கு மாதம் 75 ரூபாய் தர முன்வந்தது. தமிழகத்தில் 2011இல் தொகை 1,000 ரூபாயாகவும், 2023இல் முதியோர்க்கும் விதவையர்க்கும் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

திட்டம் ஏட்டில் ஏறிய வேகத்தில் ஏழையின் வீட்டுக்கு வந்துவிடவில்லை. அன்று கிராமத்தின் கணக்கும் சான்றும் வழிவழியாக அப்பதவிகளை வகித்துவந்த கர்ணத்திடமும் மணியக்காரரிடமும் இருந்தன. அவர்களுள் நல்லவர் பலர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப்பகையும் சாதி வேற்றுமையும் அவர்கள் பேனாவைத் தொடாமல் இருந்ததில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அப்பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்துக்கு, தேர்வு பெற்று வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

தொலைவும் ஒரு தடையாக இருந்தது. தென்னார்க்காட்டின் தலைமையிடம் கடலூர். திண்டிவனத்து முதியவர் ஒருவர் தம் குறையை மாவட்ட ஆட்சியரிடம் முறையிட விரும்பினால், புதுச்சேரியைக் கடந்து கடலூர் சென்று திரும்ப வேண்டும். ஒரு நாள் பயணமும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தால் ஒரு மாத உதவித்தொகையில் ஒரு பங்கு வழியிலேயே கரையும். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது அத்தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராகச் சுருங்கிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனியே பிரிந்தது. அலுவலகம் ஒவ்வொரு முறையும் ஏழைக்குச் சற்று அருகில் வந்தது. ஆனால் அலுவலகம் அருகில் வந்த அளவுக்குக் காகிதம் அருகில் வந்ததா?

பெருங்காற்று இரவு

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனி 1889இல் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சட்டம் இயற்றிற்று. பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றி, 1909 ஜனவரி முதல் நாள் தொட்டு, எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு அஞ்சலகங்கள் வாயிலாக வாரம் ஐந்து ஷில்லிங் வழங்கத் தொடங்கிற்று. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அங்கே அனைவருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியது 1864இல்தான். எழுபது வயதினர் எவரிடமும் அரசுப் பிறப்புச் சான்று இருக்க வழியில்லை. என்ன செய்தனர்? 1839 ஜனவரி 6ஆம் நாள் இரவு அந்நாட்டைச் சூறையாடிய பெரும் புயலை மக்கள் 'பெருங்காற்று இரவு' என்று பேசி வந்தனர். அவ்விரவு தமக்கு நினைவிருக்கிறது என்று கூறும் முதியவர்களின் சொல் வயதுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. பழைய மக்கள் தொகைக் கணக்கேடுகளையும் தேடிப் பெயர்களைக் கண்டெடுத்தனர்.

நம் ஊர்ப் பாட்டிமாரும் இவ்வாறே பேசுவர். காந்தியடிகள் மறைந்த ஆண்டில் நான் கைக்குழந்தை என்பார் ஒருவர். நாடு விடுதலை பெற்றபோது எனக்கு ஓதக் கொடுத்தார்கள் என்பார் மற்றொருவர். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் குடும்ப அட்டையில் எவரோ மதிப்பாய் எழுதிய வயது ஒன்றாக இருக்கும், ஆதாரில் வேறொன்றாக இருக்கும். எழுதுகோல் பிடித்தவரின் ஒரு நொடிக் கவனக்குறைவு ஏழையின் பல ஆண்டு உரிமையைத் தள்ளிவைத்துவிடும்.

பிரிட்டனின் வரலாற்றில் மற்றொரு படிப்பினையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாளே, 1939 செப்டம்பர் 4இல், அந்நாடெங்கும் இருநூறு ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. குடிமக்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வதும், படிவம் நிரப்பித் தருவதும், இன்ன அலுவலகத்துக்குப் போ என்று வழிகாட்டுவதுமே அவற்றின் வேலை. அவற்றில் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைத்தவர்கள். போர் முடிந்த பின்பும் அப்பணி நின்றுவிடவில்லை. சட்டம் பெருகப் பெருக, அதைப் படித்துச் சொல்பவரின் தேவையும் பெருகும் என்பதை அந்நாட்டார் கண்டுகொண்டனர். வறியவர் எனும் பெயர் ஒட்டுமே என்று நாணி, உரிய உதவியைக் கேளாதிருந்த முதியோர் அங்கே பல இலட்சம். அதனாலேயே 1966இல் அவ்வுதவியின் பெயரையும் முறையையும் மாற்றி, அது உரிமை என்று சட்டத்திலேயே எழுதினர்.

காகிதத்தின் இப்புறம்

நாணம் என்றோம். அல்பகறா அத்தியாயத்தின் 273ஆம் வசனம், கேட்காத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களின் தன்மானத்தைக் காணும் அறியாதவர் அவர்களைச் செல்வர் என்று எண்ணிவிடுவர் என்பது அதன் கருத்து. நம் ஜமாஅத்துகளில் இவ்வகையினர் எத்தனை பேர்! பெருநாளன்று வெள்ளை வேட்டி உடுத்தி முதல் வரிசையில் நிற்கும் முதியவரின் அடுப்பு அன்று எரிந்ததா என்பதை அண்டை வீட்டாரும் அறியார். அரசு உதவி என்றால் அது பிச்சை என்று அவர் எண்ணுகிறார். ஆனால் இறைவேதம் செல்வத்தில் எளியோர்க்குரிய பங்கைக் குறிக்க 'ஹக்கு' என்ற சொல்லையே ஆள்கிறது. ஹக்கு என்பது உரிமை. 2023 செப்டம்பர் 15இல் தமிழக அரசு பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய திட்டத்துக்கும் 'உரிமைத் தொகை' என்றே பெயரிட்டது. அவ்வேளை விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் பேர். ஏற்கப்பட்டோர் 1 கோடியே 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர். மறுக்கப்பட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழியும் வைக்கப்பட்டது. மறுக்கப்பட்டவருள் உண்மையிலேயே தகுதியற்றவர் இருந்திருப்பர். அதனுடன், மேல்முறையீடு என்ற சொல்லையே கேள்விப்படாமல் வீட்டுக்குள் அமைதியாகிவிட்டவர்களும் இருந்திருப்பர்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதவைத் தாயார் நம்மிடம் வந்தார். கணவர் வீட்டிலேயே காலமானவர். நம் வழக்கப்படி அன்றே நல்லடக்கம் நடந்தது. பள்ளிவாசலில் மோதினார் மையவாடி நோட்டில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி வைத்தார். அத்துடன் எல்லாம் முடிந்தது என்று குடும்பத்தார் இருந்துவிட்டனர். மூன்றாண்டு கழித்து விதவை உதவித்தொகை கேட்கப் போனபோது இறப்புச் சான்று எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவின்றிப் பதிய இயலாது. அந்தப் பென்சில் எழுத்தே அப்போது துணைக்கு வந்தது. இறந்த தேதிக்கு அதைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. அதைக் கொண்டு மனு எழுதி, உத்தரவு பெற்று, சான்று வாங்கிய பின், கணவரின் பெயர் குடும்ப அட்டையில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தது தெரிய வந்தது. அதையும் திருத்த வேண்டியதாயிற்று. முதல் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தபோது அவர் மனுச் செய்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இடையில் ஒருவர், கையில் கொஞ்சம் கொடுத்தால் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அரசு ஊழியர் அல்லர், வாசலில் நிற்பவர். அத்தாயார் அதற்கு இணங்கவில்லை, கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை என்பதால்!

ஆமில் இல்லாத இடத்தில்தான் மாமூல் நுழைகிறது என்று நாம் துணிந்து கூறுவது இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டே. எழுதத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் ஏழைக்குத் தரகர் தேவைப்படமாட்டார்.

பெயர்க் குழப்பம் நம் சமுதாயத்தில் சற்று மிகுதி. இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. ஒரே பெண்மணி வீட்டில் பாத்திமா பீ, குடும்ப அட்டையில் பாத்திமா பீவி, ஆதாரில் பாத்திமா பேகம். எழுதியவர் மூவரும் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். கணினியோ இவர்களை மூன்று பெண்களாகக் கொள்கிறது.

கைவிடப்பட்ட பெண்களின் நிலை இதனினும் கடினம். 1986ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, சட்டப்படி மணவிலக்கு ஆனவரோ, ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் கணவனால் கைவிடப்பட்டவரோ உதவி கோரலாம். மணவிலக்கு நடந்ததைத் தாளில் எழுதி வைக்காத ஜமாஅத்து, அப்பெண்ணின் கணவனுக்கு எளிமையும் அவளுக்கு இன்னலும் செய்கிறது. நிகாஹ் தப்தரில் மணமகனின் கையொப்பம் வாங்கத் தெரிந்த நமக்கு, அம்மணம் முறிந்த நாளையும் அதே தப்தரில் பதிந்து, அப்பெண் கேட்கும்போது நகல் தர ஏன் இயலவில்லை?

பள்ளிவாசலின் தப்தர்

பிறர்க்கு எழுதித் தர வேண்டிய நம் ஆலிம் பெருமக்களே தம் உரிமையைக் கேளாதிருப்பதும் உண்டு. உலமாக்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1981இலேயே தொடங்கப்பட்டது. பள்ளிவாசல்களில் இருபதாண்டு பணியாற்றி அறுபது வயது எய்திய ஆலிம்கள், பேஷ் இமாம்கள், அரபு ஆசிரியர்கள், மோதினார்கள் முதலியோர்க்கு அது உரியது. 2020இல் அத்தொகை 3,000 ரூபாயாக உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கென நல வாரியமும் அமைந்தது. கல்வி, திருமணம், மகப்பேறு, இறப்பு எனப் பல வகை உதவிகள் நல வாரியத்தின் வழியே உண்டு. முப்பதாண்டு பாங்கு சொன்ன மோதினார், தாம் பணியாற்றியதற்கு ஒரு கடிதம்கூட ஜமாஅத்திடமிருந்து பெறாமல் முதுமை அடைந்திருப்பார். நிர்வாகம் மாறும், முத்தவல்லி மாறுவார், பழைய சம்பளப் புத்தகம் கரையானுக்கு இரையாகும். இருபதாண்டுப் பணிக்கு அவரிடம் இருக்கும் சான்று அவருடைய தொண்டை மட்டுமே.

எனவே பள்ளிவாசலின் தப்தரைச் சீராக வைத்திருப்பது ஒரு பெரும் தொண்டு என்கிறோம். நிகாஹ், மணவிலக்கு, மையவாடி, பணியாளர் நியமனம் ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பதிவேடு வேண்டும். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும். நல்லடக்கம் நடந்த வாரத்திலேயே, அரசுப் பதிவும் செய்தாயிற்றா என்று வீட்டாரை விசாரிக்க வேண்டும். ஊரகமாயின் கிராம நிர்வாக அலுவலரிடமும், விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களாயின் நகராட்சியிலும் இறப்பைப் பதியலாம். பள்ளிவாசலின் ஏடு அரசுச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் அச்சான்றைப் பெறுவதற்குப் பல வேளைகளில் அதுவே ஆதாரம்.

வாரம் ஒரு மாலை, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, படித்த இளைஞர் இருவர் பள்ளித் திண்ணையில் அமர்ந்து மனு எழுதித் தந்தால் போதும். எந்த மனுவானாலும் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பலாகாது என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறை கேட்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் ஓய்வூதிய மனுவும் வாங்கப்படுகிறது. அன்று வரிக்கணக்குப் பார்த்த அதே ஜமாபந்தி இன்று உதவி மனுவையும் ஏற்கிறது என்பதே நம் பாட்டிமாரிடம் சொல்லத்தக்க செய்தி. விடையே வராவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில், மனு என்னவாயிற்று என்று கேட்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விழைகிறோம். அத்திண்ணை நம்மவர்க்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. உமர் (ரலி) அவர்கள் வீதியில் இரந்து நின்ற, கண்பார்வை இழந்த யூத முதியவர் ஒருவரைக் கண்டு, கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவிய பின், பைத்துல்மால் காப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு பணித்த செய்தியை இமாம் அபூயூசுப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிந்துள்ளார். 'இவரைப் போன்றோர்' என்பதே அங்கு முக்கியம். ஒருவருக்கு இரங்குவது அறம். அவரைப் போன்றோர் அனைவரின் பெயரையும் ஏட்டில் ஏற்றுவது ஆட்சி. மரக்காணத்து உப்பளத் தொழிலாளியும், செஞ்சி மலையடிவாரத்து இருளர் குடும்பத்தாரும் அதே கச்சேரியின் அதே வாசலில்தான் நிற்கின்றனர். அவர்கள் மனுவையும் நம் இளைஞர்கள் எழுதட்டும்.

நம் மதரஸாக்களில் மாணவர்க்கு ஜகாத்தின் சட்டங்களைக் கற்பிக்கிறோம். எட்டு வகையினரையும் அவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். மூன்றாமவரான ஆமிலின் பணி இன்ன ஊரில், இன்ன அலுவலகத்தில், இன்ன படிவத்தில் நடக்கிறது என்பதையும் அதே பாடத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம். வரும் ஜமாபந்திக்கு முன் ஒரு மாணவர் ஒரு மூதாட்டியின் மனுவை எழுதி, கூடவே சென்று, ஒப்புகைச் சீட்டை அவர் கையில் வாங்கிக் கொடுத்துத் திரும்புவாராயின், அப்பாடம் அமலுக்கு வந்தது என்று கொள்வோம்.